சிவப்புக்குள் ஒரு கொட்டகை

அயோவாவில் டிராக்டர் பழுதுபார்க்கும் வெர்லின் ஸ்டக்கிக்கு வரையத் தெரிந்தது ஒன்றே ஒன்று, சிவப்புக் கொட்டகை. பனியில் கொட்டகை, மழையில் கொட்டகை, மாட்டோடு கொட்டகை. ஊர்க் கோடைக் கண்காட்சியில் முதல் பரிசான நீல ரிப்பன் வருடா வருடம் அவருக்குத்தான். மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்கு வரைந்தார்கள்.

இந்த வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டும் கொரின், ஆளுயரத் துணி ஒன்றைக் கொண்டுவந்து அவர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். முழுக்கச் சிவப்பு. நடுவில் தாரால் ஒரு இழுப்பு. அவ்வளவுதான்.

நீல ரிப்பன் வழக்கம்போல வெர்லினுக்கே வந்தது. கூட்டம்தான் வரவில்லை. “கொட்டகை நல்லாருக்கு” என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டு, ஜனங்கள் கொரினின் படத்தின் முன்னால் போய் நின்றார்கள். திட்டத்தான். ஆனாலும் நின்றார்கள்.

“பெயின்ட் டப்பா கவுந்துடுச்சுன்னு நெனச்சேன்.”

“நியூயார்க்குல இதத்தான் கண்ணாடி போட்டு மாட்டுவானுங்களாம்.”

“என் பேத்தி இதவிட நல்லா கிறுக்குவா,” என்றார் பன்றி வளர்க்கும் டுவைட். அவர் கையிலிருந்த சுட்ட சோளம் ஆறிப்போயிருந்தது.

வெர்லினுக்கு வயிறு எரிந்தது. அவர் கொட்டகைக்காக இதுவரை எவனுடைய சோளமும் ஆறியதில்லை.

“இத எவன் வேணா போடலாம்,” என்றார். “நாளைக்கே நான் ஒண்ணு போட்டுக் கொண்டாறேன், பாரு.”

மறுநாள் பட்டறையில் துணியை விரித்து, சிவப்பை வாளியோடு ஊற்றினார். ஜோராகத்தான் இருந்தது. ஒரு ஓரம் கோணலாகத் தெரிந்தது, நேராக்கினார். நேராக்கியதும் அது சுவராகிவிட்டது. சுவரைக் கூரை இல்லாமல் எப்படி விடுவது? மதியம் மனைவி ஆர்டித் சாப்பிடக் கூப்பிட வந்தபோது, கதவுக்குக் கீல் வரைந்துகொண்டிருந்தார்.

“கொட்டகை அழகா இருக்குங்க.”

“கொட்டகை இல்லடி அது.”

“அப்ப அந்த மாடு?”

சாயங்காலம் வெறுங்கையோடு கண்காட்சிக்குப் போனார். வாசலில் ஒரு சோளம் வாங்கிக்கொண்டார்.

“எங்கய்யா உன் படம்?” என்றார் டுவைட்.

“மொதல்ல உன் பேத்தியக் கூட்டிட்டு வா. அவ போடட்டும், அப்புறம் பேசு.”

வெர்லின் சிவப்புத் துணிக்கு முன்னால் போய் நின்றார். பின்னாலிருந்து கொரின் கேட்டாள்:

“என்னண்ணே, நீங்களும் திட்ட வந்தீங்களா?”

“இந்த ஓரம் கோணலா இருக்கு.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா அப்படியே விட்ட?”

“ஆமா.”

அதுதான் அவரால் முடியவில்லை. பாவி, எப்படி விட்டாள்? அந்தக் கோணலையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் கழித்துக் கடித்தபோது, சோளம் சில்லென்று இருந்தது.