பக்கத்து சீட்

கம்பளையிலிருந்து கண்டிக்கு ஆபீஸ் வேனில் போய்வருகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் மீறவும் மாட்டார்கள். முதல் வாரம் எந்த சீட்டில் உட்கார்ந்தீர்களோ, கலியாணமாகியோ வேலை மாறியோ போகும்வரை அதுதான் உங்கள் சீட். மாறி உட்கார்ந்துவிட்டால் வேன் முழுக்க அதுவே பேச்சாக இருக்கும். "என்னா தங்கச்சி, ஏதும் பிரச்சினையா?" என்று டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துக் கேட்பார். எனக்கு நடு வரிசையில் ஜன்னலோரம். பக்கத்து சீட் அவருடையது.

அவர் வேன் புறப்படுகிற நாவலப்பிட்டியிலேயே முதல் ஆளாக ஏறுகிறவர். கண்டியில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனைக்குப் பொறுப்பு. என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். நான் ஏறும்போது என் சீட்டில் அவருடைய சாப்பாட்டுப் பை இருக்கும். என்னைக் கண்டதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து நின்று வழிவிடுவார். உலப்பனையில் ஏறுகிற யாராவது அந்த இடத்தில் உட்காரப் பார்த்தால், "ஆள் ஈக்கி" என்பார். இருக்கிறது என்பது முஸ்லிம்களின் பேச்சில் ஈக்கி. இந்த இரண்டு சொற்களைத் தவிர அவர் வேனில் அதிகம் பேசமாட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது, அதுதான் வினை.

அதற்கு முன் நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். காலையில் கண்டி பஸ்ஸில் ஒரு பெண் நின்றுகொண்டு போவது என்றால் என்ன என்று போனவர்களுக்குத் தெரியும். ஒருநாள் நடந்ததை இங்கே எழுத விருப்பமில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன், அம்மா வெளியே நின்று என்ன என்று கேட்கக் கேட்க, ஒன்றுமில்லை என்றே சொன்னேன். அம்மா என்ன புரிந்துகொண்டாரோ, அடுத்த வாரமே என்னை வேனில் போட்டுவிட்டார். அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான், அம்மா சொல்வதுதான் முடிவு.

தமிழில் இந்த நோய்க்குச் சரியான பெயர் இல்லை என்று நினைக்கிறேன். காதல் என்று சொன்னால் மேடையில் ஏறி நின்றமாதிரி இருக்கிறது. பிடிக்கும் என்றால் பலாக்கொட்டைக் கறியும் பிடிக்கும். ஆபீஸில் என்னோடு வேலை செய்கிறவள் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒனக்கு அந்த ஆள் மேல ஒரு இது இருக்கு" என்றாள். எந்த ஆள் மேல் என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. "சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அந்த 'இது' அன்று முழுவதும் என்னோடு இருந்தது. பெயர் வைக்காதவரைக்கும் அதைப் பற்றி எதுவும் செய்யத் தேவையில்லை என்பது வசதியாகவும் இருந்தது.

அத்தாட்சிகளைத்தான் நான் சேர்த்துக்கொண்டிருந்தேன். வேனில் ஆள் கூடி யாராவது நடுவில் நிற்க வேண்டி வந்தால், அவர் கையை முன் சீட்டின் கம்பியில் ஊன்றிக்கொள்வார், யாரும் என் பக்கம் சாய முடியாது. மாலையில் நான் கம்பளையில் இறங்கினால், தெரு விளக்கடியில் நிற்கிற அம்மாவைக் காணும்வரை அவர் டிரைவர் அண்ணனை வேனை எடுக்க விடமாட்டார். லீவு போடுவதற்கு முந்தின நாள் எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி வரும்: நாளைக்கு நான் வாரல்ல, நீங்க டிரைவர் நானாக்குப் பின்னால இருங்க. நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். இந்தச் செய்திக்கு நான் சரி என்று எழுதி, அழித்து, சரிங்க என்று எழுதி, அதையும் அழித்து, கடைசியில் சரி என்றே அனுப்புவேன். பிறகு அவர் அதைப் பார்த்துவிட்டாரா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே சமைப்பேன். அவர் கடைசியாக எப்போது போனைப் பார்த்தார் என்று பார்ப்பது எனக்குப் பல் துலக்குவதுபோல் ஆகிவிட்டது. அதில் சந்தோஷம் எதுவும் இல்லை. பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் முஸ்லிம், நாங்கள் இந்துக்கள். வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். வேறு யாராவது இந்த நிலையில் இருந்தால், விட்டுத் தொலை என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் என் மனது அதையும் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டது. அவர் ஒன்றும் பேசாததற்கு அதுதான் காரணம் என்றது. பேசினால் விருப்பம், பேசாவிட்டால் அதைவிடப் பெரிய விருப்பம். இப்படி ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டால் வெளியே வர வாசலே கிடையாது. அவர் திரும்பிப் பார்த்து முறைத்திருந்தால்கூட நான் அதற்கும் ஒரு அர்த்தம் வைத்திருப்பேன்.

மோசம் என்னவென்றால், அது நாக்குக்கும் வந்துவிட்டது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, "அம்மா, சொதி ஈக்கா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஆபீஸில் முஸ்லிம் பிள்ளைகளோடு பேசிப் பேசி வந்துவிட்டது என்றேன். அம்மா சொதியை ஊற்றினார்.

இந்த நேரத்தில்தான் பதுளைக் கிளைக்கு உதவி முகாமையாளராகப் போக முடியுமா என்று எங்கள் முகாமையாளர் கேட்டார். காப்புறுதி ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்த நாள் முதல் நான் ஆசைப்பட்ட இடம் அது. என்னோடு சேர்ந்தவர்களெல்லாம் மேலே போய்விட்டார்கள். இந்தமுறை விட்டால் இனி எப்போது வருமோ தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பதுளையில் சின்னம்மா வீடு இருக்கிறது, தங்கும் அறைகூட அப்போதே முடிவாகிவிட்டது.

நான் மட்டும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். போகாதீங்க என்று அவர் ஒருமுறை சொன்னால் போதும். செய்தி வேனில் பரவுவதற்காக டிரைவர் அண்ணனிடம் சொல்லிவைத்தேன், அவரிடம் சொன்னால் பத்திரிகையில் போட்டமாதிரி. மறுநாள் காலை நான் உட்கார்ந்து முடிவதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து அவர் கேட்டார்.

"பதுளைக்குப் போறீங்களாமே? எப்ப போறது?"

"இன்னும் முடிவு பண்ணல."

"கெதியா முடிவு பண்ணுங்க" என்றார். அவர் கேட்ட அவசரத்தில் ஒரு தவிப்பு இருந்தது. இருந்தது என்று நான் முடிவு செய்தேன். பேராதனைப் பாலம் தாண்டுமுன்பே என் மனதில் பதுளை இல்லாமல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முகாமையாளரின் அறைக்குப் போய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தனியாக விட முடியாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். கடைசிக் கொஞ்ச நாளாக நான் யோசிப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்பது உண்மைதானே.

அன்று மாலை நல்ல மழை. கெட்டம்பேயில் வேன் நின்றது நின்றதுதான். முன்னால் பஸ், பின்னால் பஸ், பக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கிற திரீவீல்கள். கண்ணாடிகளை மூடிவிட்டதால் உள்ளே எல்லோருடைய மூச்சும் ஈரத்துணி வாடையும் கலந்து புழுங்கியது. சொல்ல இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று நினைத்தேன்.

"நான் பதுளைக்குப் போகல. இன்னைக்கு வேணாம்னு சொல்லிட்டேன்."

அவர் திரும்பினார். முகம் விழுந்துவிட்டது. அதைக்கூட நான் முதலில் எனக்காகப் படுகிற கவலை என்றே எடுத்துக்கொண்டேன்.

"நல்ல சான்ஸ் தானே. போயிரிக்கலாமே."

"ஏன், நான் இங்க இருந்தா ஒங்களுக்குக் கஷ்டமா?" விளையாட்டாகத்தான் கேட்டேன். குரல் விளையாட்டாக வரவில்லை.

"கஷ்டமெண்டு இல்ல" என்றார். சற்று நேரம் பையின் பட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "நீங்க ஈக்கிறதாலதான் நானும் இன்னம் இந்த வேன்ல வாரது."

எவ்வளவு காலமாக நான் அவருக்காக எத்தனை வாக்கியங்களை எழுதிப் பார்த்திருப்பேன், இவ்வளவு நேராக ஒன்றை எழுத எனக்குத் தைரியம் வந்ததில்லை. சிரித்துவிடாமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மேலே பேசிக்கொண்டு போனார்.

"கடையில என்னை அக்குறணைக்கு வரச் சொல்லிக் கன நாளாச் சொல்றாங்க. அங்க புதுசா ஒரு கடை போட்டிரிக்கி. மடவளையில எங்கட ராத்தா வீடு, அங்க நிண்டா விடிய நாலு மணிக்கு எழும்பத் தேவையில்ல. ஆனா ஒங்கட அம்மாக்கு வாக்குக் குடுத்திட்டேன் தானே."

"எங்கம்மாவுக்கா?"

"ஒங்களுக்குத் தெரியாதா?" அவர் உண்மையாகவே திடுக்கிட்டார்.

நான் வேனில் சேர்ந்த முதல் வாரம் அம்மா டிரைவர் அண்ணனிடம், பக்கத்து சீட்டில் உட்கார்கிற இவருடைய நம்பரை வாங்கிப் பேசியிருக்கிறார். பஸ்ஸில் எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று சொல்லி அழுதிருக்கிறார். எம்புள்ளய ஒங்ககிட்ட ஒப்படைக்கிறேன் தம்பி, பக்கத்துல வேற ஆம்பளைய உக்கார விடாதீங்க என்று கேட்டிருக்கிறார்.

"அப்பிடி ஒப்படைச்சா அது அமானிதம்" என்றார் அவர். "குடுத்தவங்க திருப்பி எடுக்காம நாம நடுவுல விட்டுட்டுப் போக ஏலா. நீங்க பதுளைக்குப் போனா தானா முடிஞ்சிரும் எண்டு நினைச்சேன். தப்பா எடுக்க வாணாம்."

தப்பா எடுக்கவில்லை என்றேன். இறங்கி ஓட வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஒரு பக்கம் மூடின கண்ணாடி, மறுபக்கம் அவர். அவர் எழுந்து வழிவிட்டால்தான் நான் இறங்கவே முடியும். வேன் அசையவில்லை. அவர் மரியாதையாகக் கால்களை ஒடுக்கிக்கொண்டு, என் மேல் படாமல், வழக்கம்போலவே உட்கார்ந்திருந்தார். அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. கம்பியில் ஊன்றின கை, தெரு விளக்கடியில் காத்திருந்தது, தனியாக வந்த செய்தி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் பொய்யில்லை. அக்கறையெல்லாம் அக்கறைதான். என் அம்மாவின் அக்கறையை அவர் கொண்டுவந்து தந்திருக்கிறார், நான் அதை அவருடையது என்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவர் போகமாட்டார். திங்கட்கிழமையும் வருவார், அடுத்த மாதமும் வருவார். கம்பளை வரும்வரை இந்த நினைப்பு என்னை விடவில்லை. அவரை என் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள நான் ஒன்றுமே செய்யத் தேவையில்லை. அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மாவோடு வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றாமல், அடுப்படி வாசலில் நின்று சொன்னேன். "அந்தத் தம்பிக்கு போன் பண்ணுங்கம்மா. இனி என்னைப் பாத்துக்க வேணாம்னு சொல்லுங்க."

அம்மா அதற்குள் ரொட்டி சுட ஆரம்பித்திருந்தார். நம்பர் வாங்கியது எனக்கு எப்படித் தெரியும் என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏன்? தப்பா ஏதாச்சும் நடந்துக்கிட்டானா?"

இவ்வளவு காலம் தம்பியாக இருந்தவர் ஒரு நொடியில் அவன் ஆகிவிட்டார்.

"இல்லம்மா. அவருக்கு அக்குறணையில வேலையாம்."

"அதுக்கு நீ ஏன் அழுவுற? அன்னைக்கு பஸ்ல நடந்தப்பவும் இப்பிடித்தான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொன்ன. என்னா செஞ்சான், சொல்லு."

அழுகிறேன் என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இனி நான் எந்தப் பொய் சொன்னாலும் அது அவர் தலையில்தான் விழும். அம்மா டிரைவர் அண்ணனிடம் சொல்வார், வேனுக்குத் தெரிந்தால் நாவலப்பிட்டிவரை போகும். என்னை விரல்கூடப் படாமல் கொண்டுவந்து சேர்த்த மனிதருக்கு அந்தப் பெயர் கிடைக்க விடமுடியாது.

"அவரு ஒண்ணும் செய்யல. எனக்குத்தான் அவரப் புடிச்சிருந்துச்சு. அவருக்கு அது தெரியாது. அவருக்காகத்தான் பதுளைய வேணாம்னு சொன்னேன்."

அம்மா திட்டுவார் என்று நின்றேன். அவர் கல்லில் இருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டார். அது வேகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு காஸை நிறுத்தினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"தம்பி, நான் கம்பளை அம்மா பேசுறேன். இவ்வளவு காலம் எம்மகள நல்லபடியா பாத்துக்கிட்டீங்க. இனி அவளே பாத்துக்குவா. நீங்க ஒங்க வேலையப் பாருங்க தம்பி. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். உடனே சுதாரித்துக்கொண்டு, "இல்ல அம்மா, ஒங்கட மகளால ஒரு கரைச்சலும் இல்ல" என்றார். அதற்குப் பிறகு அக்குறணைக் கடையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. மடவளையில் இருக்கிற அக்காவின் சின்ன மகன் இப்போதே மாமாவுக்குப் பாய் போட்டு வைத்திருக்கிறானாம், அதைச் சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். இவ்வளவு காலம் பக்கத்தில் உட்கார்ந்து போயும் அவருக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல், ஸ்பீக்கரை நிறுத்துவது எப்படி என்று தெரியாமல், மாவு ஒட்டின விரலால் போனைத் தட்டிக்கொண்டே இருந்தார்.