சவப்பெட்டி இறங்கும் வழியாக ஏறிய கட்டில்

என் தங்கையும் அவளுடைய கணவரும் பிளேஸ்டோ நகர்ப்புறத்தில் இருந்த பிளாட்டை விற்றுவிட்டு, மேற்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒரு கிராமத்தில் முந்நூறு வருடப் பழைய கல்வீடு வாங்கினார்கள். சாமான் ஏற்றிய வான் வண்டியை ஓட்டும் வேலை என் தலையில் விழுந்தது. அவள் டாக்டர், மச்சான் ஐ.டி.; இருவருக்கும் பெரிய வண்டி என்றால் பயம். நான் பள்ளிக்கூட மினிபஸ் ஓட்டுகிறவள்.

வீடு அழகுதான். தேன் நிறக் கல். கூரைகூடக் கல் தகடு. சுவர்கள் ஒரு முழத்துக்கு மேல் கனம். ஆனால் மாடிப்படி? கணப்படுப்புக்குப் பக்கத்தில் அலமாரிக் கதவு போன்ற ஒன்றைத் திறந்தால், சுருண்டு சுருண்டு மேலே போனது. மெத்தையை மடித்து எப்படியோ ஏற்றிவிட்டோம். கட்டிலின் தலைமாட்டுப் பலகை ஒரே துண்டு. இரண்டாம் படியிலேயே சிக்கிக்கொண்டது. யன்னல் வழியாக ஏற்றலாமென்று பார்த்தால், அதன் நடுவில் கல் தூண்கள்.

"கீழயே படுப்பம்" என்றார் மச்சான், வேர்த்துப்போய்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா தேநீரோடு வந்தார். பலகையைப் பார்த்தார், மேலே பார்த்தார், சிரித்தார்.

"அதைத் திறக்கவில்லையா?" என்று தலைக்கு மேலே உத்தரங்களுக்கு நடுவே கைகாட்டினார். அங்கே மட்டும் மாடித்தளப் பலகைகள் ஒரு மூடி போலத் தனியாக வெட்டிப் பொருத்தப்பட்டிருந்தன. "இந்தப் படியில் சவப்பெட்டி திரும்பாது. மேலே யாராவது இறந்தால் இந்த வழியாகத்தான் இறக்குவார்கள்."

மச்சானின் முகம் வெளிறியது. "ஐயோ, சவம் இறக்கின வழியாலோ எங்கட கட்டிலை ஏத்துறது? என்னால ஏலாது!"

"நீங்கள் சும்மா இருங்கோ" என்றாள் தங்கை. "ஆரும் சாகாத கட்டில் ஒண்டு எங்கட வார்ட்டில இருந்தாக் காட்டுங்கோ பாப்பம்."

மேலே கம்பளத்தைச் சுருட்டி, அந்த மூடியை இரும்புக் கம்பியால் நெம்பித் திறந்தோம். மூக்கு நிறையப் பழைய தூசி. நானும் அந்த அம்மாவும் கீழிருந்து தள்ள, அவர்கள் இருவரும் மேலிருந்து இழுத்தார்கள். இழுக்க இழுக்க மச்சான் "முருகா, முருகா" என்றார். ஒரு விரல் இடைவெளியில் தலைமாட்டுப் பலகை ஏறிவிட்டது. அந்த அம்மா கைதட்டினார்.

கொஞ்ச நேரத்தில் மச்சானின் தலை அந்த ஓட்டையில் எட்டிப் பார்த்தது. முகமெல்லாம் பல்.

"மச்சாள், அந்த மேசையையும் தாங்கோ!"

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மேசை, புத்தக அலமாரி, டிவி எல்லாம் அவ்வழியே போயின. நான் புறப்படும்போது தங்கை, "இனி மூடுங்கோவன்" என்றாள்.

"பொறும்," என்றார் மச்சான். "நாளைக்கு சோபா வருது."