தொழிலாளியின் கை

சாயக் கம்பெனி முதலாளியே, உங்கள் கம்பெனி வரலாற்றுப் புத்தகம் பொய் சொல்கிறது. ‘எங்கள் தொழிலாளியின் கை’ என்று நீங்கள் போட்டிருக்கும் படத்தில் இருப்பது என் கை.

புத்தகத்தைப் பிரித்ததும் அடித்த மை வாசனையில் அந்த மதியம் திரும்பி வந்தது. பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். சாயத் தொட்டியின் புளித்த நெடி கண்ணை எரித்தது. கம்பெனி விளம்பரத்துக்கு ஒரு கையைப் படம் எடுக்க ஆள் வந்திருந்தார்; அங்கே கறையில்லாத கை ஒன்றுகூட இல்லை.

“இன்னா மாரி, உன் கைய போட்டா எவன் சாயம் வாங்குவான்? உம் பொண்ண நீட்டச் சொல்லு,” என்று அப்பாவிடம் சொன்னார் மேஸ்திரி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முழங்கைவரை ஊதாவாகிப்போன கைகளை அப்பா முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நீட்டும்மா, உன் கை சோக்கா கீது,” என்றார் அப்பா.

நான் சிரித்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. கள்ளக்குறிச்சியில் நடக்கும் உங்கள் ஆண்டு விழா மேடையில், எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்: என் அப்பாவின் கையை ஏன் போடவில்லை?