பதினாலாம் நம்பர்

என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு அட்டைத் துண்டு கிடக்கிறது. நீலப் பென்சிலால் 13 என்று எழுதியது. ஊக்கு குத்திய இடத்தில் துருக்கறை. எழுதித் தந்தவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். குருசுக்குப்பத்தில் குடியிருந்த அவர், ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சிப் பக்கத்து மலைகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போய் நடக்கவைத்து, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலை எங்களுக்கு. இருபது பெண்கள். வருஷத்துக்கு ஒருநாள் வெளியே கூட்டிப்போவார்கள். அந்த வருஷம் மலை என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. ஆளுக்கொரு நம்பரைக் குத்திக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று விசில் ஊதுவேன், அவரவர் நம்பரைச் சொல்லவேண்டும் என்றார் சொல்தா. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நம்பர் சொல்வது எங்களுக்குப் புதிதா என்ன? தினமும் காலையில் சூப்பர்வைசர் நம்பர் கூப்பிடுவார். பஸ்ஸைத் தவறவிட்டவளுக்கு அரைநாள் லீவு விழுந்துவிடக் கூடாதே என்று, பக்கத்தில் நிற்பவள் குரலை மாற்றி ஒரு "சார்" போடுவாள். எனக்காக அதிகம் குரல் கொடுத்தவள் என் மேஜைக் கூட்டாளிதான். மலையிலும் எனக்கு அடுத்த நம்பர், பதினாலு, அவளுக்கே வந்தது.

மலை என்றால் குளுகுளுவென்று மரங்கள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். யாரோ மூட்டையிலிருந்து கொட்டிய உருளைக்கிழங்கு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் பாறைகள்தான் கிடந்தன. நடுவே ஒற்றையடிப் பாதை. முன்னால் போகிற சொல்தாவுக்குப் பின்னால் வருகிறவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். மத்தியானம் உச்சியில் புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். மூன்றாவது திருப்பத்துக்குச் சற்று முன்னால் கூட்டாளி என் காதருகே, "ஒதுங்கிட்டு வந்துடறேன்டி" என்று சொல்லிவிட்டு, கையில் தூக்குவாளியோடு பாறைக்குப் பின்னால் போனாள். திருப்பத்தில் சொல்தா விசில் ஊதினார். "பதிமூணு" என்றேன். அடுத்து சத்தம் இல்லை. ஒரு ஆண்பிள்ளையிடம் அவள் எதற்குப் போயிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? மெல்லிய குரலில் "பதினாலு" என்றேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் சிரிப்பை முந்தானையில் பொத்திக்கொண்டார்கள். இருபதும் சரி என்று சொல்தா நடந்தார்.

பத்து அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவள் வரவில்லை. அடுத்த திருப்பத்திலும் விசில் ஊதினார். மறுபடியும் பதினாலு என்று நானே சொன்னேன். முதல் தடவை சொன்னதற்கு நட்பு என்றாவது பெயர் வைக்கலாம். இரண்டாவது தடவை சொன்னது, முதல் பொய் தெரிந்துவிடுமே என்ற பயத்தில். அடிவாரத்தில் வேன் அருகே வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. சொல்தாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு தடவயும் நீதான் சொன்னியா?" என்று கேட்டார் சொல்தா. தலையாட்டினேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "சண்டையில ஒருத்தன் இப்பிடித்தான் கூட்டாளிக்காகக் கொரல் குடுத்தான். நாங்க நம்பி நடந்துட்டோம்" என்றார். அந்தக் கூட்டாளி என்ன ஆனான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "நீயும் வா. எடம் உனக்குத்தான் தெரியும்."

ஏறினோம். அவர் விசில் ஊதுவார், நிற்பார், காது கொடுப்பார். நான் அவள் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் வீட்டு வாசலில் நிற்பார்கள், அவர்களிடம் என்ன சொல்வேன் என்பதே மனதில் ஓடியது. பாறைகளின் நிழல் நீண்டு பாதையே மறைய ஆரம்பித்தபோது, எங்கோ கீழே டிங் டிங் என்று தகரச் சத்தம் கேட்டது. மாடு போகும் தடத்தைப் பாதை என்று நம்பிப் போயிருக்கிறாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே கால் சிக்கி, முழங்கால் வீங்கி, தூக்குவாளியால் பாறையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

எங்களைக் கண்டதும் அழவில்லை. "நான் இல்லாததக் கூடவா யாரும் பாக்கல?" என்று கேட்டாள்.

"நான்தான் உன் நம்பரச் சொன்னேன்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சொல்தா அவளை முதுகில் தூக்கிக்கொண்டார். இறங்கும்போதும் திருப்பத்தில் நின்றார். நான் பதிமூணு சொன்னேன். அடுத்து அவள் வாயைத் திறக்கவில்லை. இருட்டு நெருங்கிக்கொண்டிருந்தது; அவர் அசையவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து "பதினாலு" என்று கேட்டது. அதன்பிறகுதான் அடுத்த அடி வைத்தார்.

சொல்தா போய் வெகுகாலம் ஆகிறது. கூட்டாளிக்கு அந்த முழங்கால் இன்னும் மழைக்காலத்தில் வலிக்கும். போன மாதம் அவளைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் பாத்ரூமுக்குப் போன நேரம் பார்த்து நர்ஸ் அவள் டோக்கனைக் கூப்பிட்டாள். என் வாய் பாதி திறந்துவிட்டது. மூடிக்கொண்டு எழுந்தேன்.

"அவ இங்க இல்லம்மா. எங்கன்னு பாத்துக் கூட்டினு வர்றேன்."

நடைக்கூடத்தில் சுவரைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள். "கூப்ட்டாங்களா?" என்றாள்.

"கூப்ட்டாங்க. நீ இல்லன்னு சொன்னேன்."

நின்று என்னைப் பார்த்தாள். பிறகு சுவரை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பவாவது சொன்னியே" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். பதிமூன்று. நான் சொல்லவேண்டியிருந்தது அது ஒன்றுதான்.