பங்களாச் சுவரில் சடைமாடு

அக்கா ஒரு மாட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என்னை யாரும் பார்க்கவில்லை.

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருந்தோம். என்னைவிட ஒரு வயது மூத்த அக்கா, முந்தைய வருஷம் ஏழாம் வகுப்பின் பாதியில் படிப்பை நிறுத்திப் பங்களா வேலைக்குப் போனாள். முதலில் குசினியில் பாத்திரம் கழுவினாள். நான் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது பெரிய அறையைத் துடைக்கும் வேலையும் அவளுக்குக் கிடைத்தது. அங்கேதான் வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பழைய மாட்டு ஓவியம் ஒன்று தொங்கியது.

"ஸ்கொட்லாந்து மாடாம், பங்களாக்கார நோனா சொன்னாங்க. செம்பட்ட முடி கண்ண மறைச்சுத் தொங்குது. கொட்டிலே வேணாமாம், பனி கொட்டினாலும் வெளியிலயே நிக்குமாம். மத்த மாடு தொடாத முரட்டுப் புல்லையும் தின்னுமாம்."

இரண்டு நாள் மழைக்கே இருமத் தொடங்கும் எங்கள் பசுவை நினைத்து அப்பா பெருமூச்சு விட்டார். ரப்பர் பால் வெட்டிக் களைத்து வந்த அம்மாகூட, "அம்புட்டு முடிக்குள்ள பேன் பிடிக்காதா?" என்று கேட்டுச் சிரித்தாள். கணக்கில் நான் முதலாவதாக வந்ததைச் சொல்ல வாய் திறந்தபோது பேச்சு கொம்பின் நீளத்துக்குப் போயிருந்தது.

"அப்படி மாடே கிடையாது, இவ பொய் சொல்றா" என்றேன். இன்றைக்கும் அந்த இனத்தைக் குளிர்காலம் முழுக்க மலையில் மேயவிட்டு வளர்க்கிறார்கள் என்று பல வருஷம் கழித்து வாசித்தேன். அக்கா ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை, அவள் மறந்துபோன குடையைக் கொடுக்கிற சாக்கில் பங்களாவுக்குப் போனேன். குசினியில் யாருமில்லை. மெதுவாகப் பெரிய அறைக்குள் நுழைந்தேன். மூடுபனிக்குள் மூன்று மாடுகள் நின்றன. ஈரம் சொட்டும் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் சொன்னதைவிட அழகாக இருந்தன. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பின்னால் நோனாவின் குரல் சிங்களத்தில் அதட்டியது. மினுக்கிய சிவப்புத் தரையில் என் சேற்றுக்கால் தடம் வரிசையாகக் கிடந்தது. ஓடி வந்த அக்கா, "என் தங்கச்சிங்க நோனா, மன்னிச்சுக்குங்க" என்று சிங்களத்தில் கெஞ்சியபடி மண்டியிட்டுத் துடைத்தாள். என்னைப் பின்கதவால் அனுப்பிவிட்டார்கள். வழி நெடுக எனக்கு ஒரே எண்ணம்: அவள் நாள் முழுக்க அந்த மாடுகளோடு இருக்கலாம், எனக்கு மட்டும் ஐந்து நிமிஷம்கூடக் கிடையாது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்த மாடுகளில் ஒன்றை நினைவிலிருந்து வரைந்தேன். கணக்குப் படிப்பிக்கும் சேர் அதை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினார். மாலையில் அக்காவின் மடியில் கொண்டுபோய்ப் போட்டேன்.

"நல்லா இருக்குடி" என்றாள். ஒரு கணம்தான் பார்த்தாள். பிறகு கொப்பியின் ஆரம்பத்தை நோக்கிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இது வரைக்கும் எனக்குத் தெரியும். இதுக்குப் பொறகுதான் நான் நின்னுட்டேன்."

அதன்பின் வந்த கணக்குகளையும் சேரின் சிவப்பு மைச் சரிகளையும் தலை தூக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மாட்டைப் புகழ மனம் வராமல் பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு என்மேல் பொறாமை வந்துவிட்டதில் எனக்கு அன்று சந்தோஷம் பிடிபடவில்லை.