நெற்றியோரக் கறை

நாலந்தா சந்தியில் இருக்கும் என் சலூனுக்கு, லொத்தர் பரிசுச் சீட்டு விற்கும் ஒருவர் மாதம் ஒருமுறை தலைக்கு டை அடிக்க வருவார். பிறப்பிலேயே தோலும் முடியும் வெளுத்தவர். வெயிலில் சைக்கிள் மிதித்தே முகம் சிவந்து தடித்திருக்கும். உட்காரும் முன் நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகாகத் திருப்பிக்கொள்வார்.

“என் தோலப் பத்தி யாரும் பேசாத எடம் இது ஒன்னுதாங்க,” என்பார்.

ஒருமுறை அவர் நெற்றியோரம் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. என் டைதான் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தேன். போகவில்லை. அடுத்த மாதம் அது பெரிதாகி, ஓரம் கோணியிருந்தது. டைக் கறை வளராது என்று எனக்குத் தெரியும். சொன்னால் மனம் நோவாரே என்று பேசாமல் தேய்த்தேன்.

பிறகு இரண்டு மாதம் அவரைக் காணவில்லை. வந்தபோது நெற்றியில் தையல் தழும்பு.

“கண்ணு கூசுதுன்னு போன எடத்துல, கண் கிளினிக்ல நர்ஸம்மா கண்டுட்டாங்க. கேன்சராம். ஆரம்பம்தானாம், சுத்தி வெட்டி எடுத்துட்டாங்க. ஒங்க கண்ணுல பட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பீங்க தானே?”

“ஆமாங்க,” என்றேன்.

எலுமிச்சம்பழம் தேய்த்த என் அதே கையில் தலையைச் சாய்த்து, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.