கறுப்புத் திரை

சோமனூரில் நான் வேலை பார்த்த தறிக் கம்பெனி ஆபீசில் டாஸ் போய் விண்டோஸ் வந்தது. கடிதம் அடிக்கும் என் பழைய சாஃப்ட்வேர் அதிலும் கறுப்புத் திரையில்தான் ஓடியது. மௌஸே தேவையில்லை, விரல்களுக்கு எல்லாம் மனப்பாடம். முதலாளிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

காங்கேயத்திலிருந்து அவருடைய சம்பந்தி வீட்டார் கம்ப்யூட்டர் பார்க்க வந்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, கும்பிடாத குறையாக நின்றார்கள்.

"ஏனுங்க அம்மணி, அந்தக் கறுப்பை மூடிப்போட்டு மௌஸ்ல ஏதாச்சும் காட்டுங்க" என்றார் முதலாளி.

பாதிக் கடிதத்தை மூடிவிட்டு, விண்டோஸோடு வந்த சீட்டு விளையாட்டைத் திறந்தேன். சீட்டுகளை மௌஸால் இழுத்து இழுத்து அடுக்கினேன். வாய் பிளந்து பார்த்தார்கள்.

"நம்ம அம்மணிக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படிங்க!"

அத்தனை வருட வேலையில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். சீட்டாடியதற்கு.